முதுமைக்கு இடம் எது?

பாண்டி நாட்டிலே பிசிர் என்னும் ஊரில் ஆந்தையார் என்றொரு புலவர் வாழ்ந்தார். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் அவரும் ஒருவரை ஒருவர் கண்டறியாமலே நட்புப் பூண்டவர்கள். அந்த நட்பின் கதையைப் பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அவரைப் பற்றி இன்னொரு செய்தியையும் புறநானூறு நமக்குத் தருகிறது. ஆண்டு பல கடந்தும் புலவருடைய தலையில் நரை தோன்றவில்லை. கண்டவர்கள் வியந்து, அதற்குக் காரணம் யாதென வினவினர். புலவர் மருந்தையும் மூலிகையையும் சொல்லவில்லை; நான்கு காரணங்களை எடுத்துரைத்தார்.

மனைவி மாண்புடையவள், மக்களும் அறிவு நிரம்பியவர்கள் என்றார், இது முதற்காரணம். பணி செய்வோர், தாம் எண்ணுவதையே தாமும் எண்ணுபவர்கள் என்றார், இது இரண்டாவது. வேந்தன் முறை தவறாது காக்கிறான் என்றார், இது மூன்றாவது. இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்றார், இது நான்காவது. வீடு, பணியாளர், அரசு, ஊர் என்னும் இந்நான்கு கைகளும் சேர்ந்து தாங்கும்போது முதுமை சுமையாவதில்லை என்பதே அந்த விடையின் உட்பொருள்.

அதே வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குங்கள். ஆந்தையாருடைய நண்பனாகிய கோப்பெருஞ்சோழன் நாடாண்ட வேந்தன். படையும் பொருளும் அவனுக்குக் குறைவின்றி இருந்தன. ஆனால் அவன் பெற்ற மக்கள் இருவர் அரசுரிமை வேண்டி அவன்மீதே போருக்கு எழுந்தனர். புலவர் எயிற்றியனார் இடைபுகுந்து அந்தப் போரைத் தடுத்தார். மனம் நொந்த மன்னன் வடக்கிருந்து உயிர் நீத்தான். புலவருக்கு வாய்த்த முதற்கை வேந்தனுக்கு வாய்க்கவில்லை. முதியோர் எங்கே வாழ்வது, அவர்களைக் காப்பது யார் என்னும் கேள்வி, முதியோர் இல்லங்கள் தோன்றிய பின்பு பிறந்த கேள்வியன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரண்மனை வாயிலில் நின்ற கேள்வி அது.

மாணவச் செல்வங்களே, இந்தக் கேள்வி உங்களுக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தப் பேச்சு நிகழும். பெரியவரை யாரிடம் விடுவது என்று உங்கள் தந்தையும் பெரியப்பாவும் அத்தையும் கூடிப் பேசுவார்கள். அன்று வாய்திறவாது நிற்பதைக் காட்டிலும், நம் முன்னோர் இந்தக் கேள்விக்கு எந்தெந்தக் காலத்தில் என்னென்ன விடை கண்டார்கள், எந்த விடை எங்கே உடைந்தது என்று இன்றே அறிந்துகொள்வது நலம். ஆந்தையார் காட்டிய நான்கு கைகளையும் அளவுகோலாகக் கொண்டு அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். பழங்காலத்தில் முதுமை அரிது. இந்தியா விடுதலை பெற்ற காலத்திற்கூடப் பிறந்த குழந்தை ஒன்று சராசரியாக 32 ஆண்டுகளே வாழும் என்று கணக்கிட்டார்கள். இன்று அந்த எண் 70ஐ எட்டியிருக்கிறது. சங்க காலத்தில் தடியூன்றும் பருவம் வரை வாழ்ந்தவர் ஓர் ஊருக்குச் சிலரே இருந்திருப்பர். அத்தகைய ஒருவர், மருத மரக்கிளையில் ஏறிக் குளத்தில் குதித்து, அடிமணலை அள்ளி வந்த இளமையையும், இருமலுக்கிடையே சில சொற்கள் பேசும் முதுமையையும் ஒருங்கே நினைந்து பாடியிருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றிய தடியைக் குறித்த தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம். தள்ளாமையின் துன்பம் அன்றும் இதுவேதான்; அதனைத் தாங்க வேண்டியிருந்த தலைகளின் தொகைதான் குறைவு.

அந்தச் சிலரைத் தாங்கியது பெரும்பாலும் வீடு என்னும் முதற்கையே. நம் பழைய வீட்டின் அமைப்பே அதற்கேற்றதாக இருந்தது. தெருவைப் பார்த்த திண்ணை பெரியவருக்கு உரியது. வருவோர் போவோரோடு பேச்சு, பேரப்பிள்ளைகள் மேல் கண், வாயிற்காவல் ஆகிய மூன்றும் அந்தத் திண்ணையில் அமர்ந்தபடியே நடந்தன. செட்டிநாட்டுப் பெருவீடுகளிலே இன்னொரு நுட்பமான ஏற்பாட்டைக் காணலாம். மணமான மகனுக்கு அதே வீட்டில் தனி அறையும் தனி அடுப்பும் உண்டு. கூரை ஒன்று, உலை வேறு. பெற்றோரைப் பிரியவும் வேண்டா. மாமியாரும் மருமகளும் ஒரே பானையைப் பற்றிப் பூசலிடவும் வேண்டா. சேர்ந்து வாழ்தலுக்கும் தனித்து வாழ்தலுக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதை அந்த வீடுகளைக் கட்டியோர் அறிந்திருந்தனர்.

ஆயினும் பழைய காலத்தைப் பொற்காலம் என்று போற்றிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. கூட்டுக் குடும்பத்தில் நிலமும் சாவியும் கையில் வைத்திருந்த முதியவருக்கு மதிப்பு இருந்தது. பிள்ளையற்ற விதவைக்கும் நிலமற்ற உழைப்பாளிக்கும் அந்த மதிப்பு எளிதிற் கிட்டவில்லை. வீட்டின் ஒரு கையை மட்டுமே நம்பிய முதுமை, அந்தக் கை விரிந்தபோது வீழ்ந்தது. இதற்கு நம் மதுரை மாநகரமே ஒரு சான்று வைத்திருக்கிறது.

இராணி மங்கம்மாளை அறியாதவர் மதுரையில் உண்டோ? மகன் அம்மை நோயால் இறக்க, கைக்குழந்தையாயிருந்த பேரன் விசயரங்க சொக்கநாதனுக்காக 1689இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் அவர். சாலைகள் அமைத்தார், சாலையோரம் மரங்கள் நட்டார், வழிப்போக்கர் பசியாறச் சத்திரங்கள் எடுத்தார். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பெயரால் சத்திரம் விளங்குகிறது. அந்த அம்மையாரின் இறுதி நாட்களைப் பற்றி மதுரை வட்டாரத்தில் வழிவழியாக வழங்கிவரும் செய்தியோ நெஞ்சை உருக்குவது. பேரனுடைய ஆட்சி தொடங்கிய காலத்தில், 1706ஆம் ஆண்டளவில், அவர் சிறைவைக்கப்பட்டார் என்றும், உணவு கண்ணிற்படுமாறும் கைக்கு எட்டாதவாறும் வைக்கப்பட்டது என்றும், பசியாலேயே அவர் உயிர் நீத்தார் என்றும் கூறுவர். இது கல்வெட்டுச் சான்று பெற்ற செய்தியன்று; மரபுச் செய்தியே. எனினும் முந்நூறு ஆண்டுகளாக மக்கள் அதனை மறவாமல் சொல்லி வருவதற்குக் காரணம் உண்டு. ஊருக்கெல்லாம் சோறிட்ட பாட்டிக்குத் தன் வீட்டில் ஒரு பிடி சோறு கிட்டவில்லை என்பது எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியது என்று மக்கள் அறிந்திருந்தனர்.

இதனினும் கொடியது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. தென் மாவட்டங்களின் சில ஊர்களில் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் இருந்து வந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் உயிரை, நீராட்டுதல் என்னும் அன்புச் செயலின் பெயராலேயே, குடும்பத்தாரே முடித்து வைப்பது அது. 2010ஆம் ஆண்டில் விருதுநகர் வட்டாரத்திலிருந்து வந்த செய்திகள் இதனை நாடறியச் செய்தன. இதனைக் கருவாகக் கொண்ட ‘பாரம்’ என்னும் திரைப்படம் பின்னர்த் தேசிய விருதும் பெற்றது. சட்டத்தின் கண்ணில் அது கொலை. அறத்தின் கண்ணிலும் அதுவே. அதே வேளையில், வறுமை வாய்ப்பட்ட வீட்டில், மருத்துவரும் செவிலியரும் ஊரும் அரசும் எட்டிப் பாராத நிலையில், ஒரு கை மட்டும் நெடுநாள் சுமந்த பாரம் எத்தகைய இருளுக்கு மனிதரைத் தள்ளும் என்பதையும் அது காட்டுகிறது. மற்ற மூன்று கைகளும் இல்லாத இடத்தில் நேர்ந்த கொடுமை அது.

இனி, ஊர் என்னும் கையைப் பார்ப்போம். பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை ஒன்று நடந்ததைத் தெரிவிக்கிறது. மருத்துவருக்கும், அறுவை செய்வோருக்கும், மூலிகை கொணர்வோருக்கும், நோயாளரைப் பேணும் பெண்டிருக்கும் இன்ன ஊதியம் என்று கல்லில் வரையறுத்திருக்கிறார்கள். பேணுதல் என்பது ஒரு தொழில், அதற்கு ஊதியம் தரவேண்டும் என்னும் எண்ணம் அன்றே இருந்தது என்பது கருதத்தக்கது. பிற்காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாடு முதலிய இடங்களில் எடுத்த சத்திரங்களும், நாயக்கர் காலத்துச் சத்திரங்களும் பசித்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் புகலிடமாயின. ஆனால் சத்திரம் வழிப்போக்கருக்காக எழுந்தது. முதுமையோ சில நாள் தங்கிப் போகும் பயணமன்று. ஆகவே ஊரின் கை பசியை ஆற்றிற்றேயன்றி, நிலையான இருப்பிடம் தரவில்லை.

பசிக்குக் கஞ்சி வார்த்த இடமே நாளடைவில் இருப்பிடமாக மாறிய வரலாறு ஒன்று சென்னையில் உண்டு. ஐதரலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சிதறிய மக்களுக்காக 1782இல் இராயபுரத்தை அடுத்து ஒரு கஞ்சித் தொட்டி தொடங்கப்பட்டது. மணியக்காரர் ஒருவர் மேற்பார்வையில் நடந்தமையால் அது மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் நாவில் அது மோனேகர் சத்திரமாயிற்று. 1799இல் அங்கே எழுந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்து. அந்தச் சத்திரம் பிற்காலத்தில் ஆதரவற்ற முதியோர்க்குத் தங்குமிடமாக நிலைத்தது. இன்று நாம் முதியோர் இல்லம் என்று சொல்வதற்கு நம் நாட்டிலேயே இத்தனை பழமையான வேர் இருக்கிறது. மேல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை அது என்று பேசுவோர் இதனை அறிதல் வேண்டும்.

மேல்நாட்டார் மட்டும் இந்தக் கேள்விக்கு நல்ல விடை கண்டுவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டிலேயே ஏழையர் சட்டம் இயற்றப்பட்டது. 1834இல் அதனைத் திருத்தியபோது, உதவி வேண்டும் ஏழைகள் உழைப்பு இல்லங்களுக்குள் புகவேண்டும் என்றாக்கினர். அங்கே கணவன் ஒரு கூடம், மனைவி ஒரு கூடம். ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த கிழத் தம்பதியரும் பிரிக்கப்பட்டனர். 1847இல்தான் அறுபது கடந்த தம்பதியர் ஓர் அறை கேட்கலாம் என்னும் சலுகை வந்தது. சோறும் கூரையும் தந்துவிட்டு மதிப்பைப் பறித்துக்கொண்டால் அந்த இடம் சிறைக்கு ஒப்பாகும் என்பது அந்த இல்லங்கள் தந்த பாடம். அதே காலத்தில், 1839இல், பிரான்சு நாட்டிலே சான் சூகான் என்னும் எளிய பெண்மணி, கண்ணிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து வந்து தம் படுக்கையையே அளித்தார். அதிலிருந்து பிறந்த அருட்சகோதரிகள் சபை பின்னர் இந்தியாவுக்கும் வந்து முதியோர்க்கு இல்லங்கள் நடத்தியது. இங்கிலாந்து அரசு 1908இல் சட்டமியற்றி, எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் ஓய்வூதியம் தந்தபோது, பலர் அந்த உழைப்பு இல்லங்களின் வாயிலை மிதிக்காமலே தம் வீட்டில் வாழ முடிந்தது.

இந்தியாவில் ஆங்கிலேயர் அத்தகைய ஏழையர் சட்டம் எதையும் இயற்றவில்லை. குடும்பமும் ஊரும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டனர். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் பின்னரே, வேலை செய்யவியலாத முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் பஞ்ச காலத்தில் தம் ஊரிலேயே இலவச உதவி தருவதென்னும் விதி ஏற்பட்டது. பஞ்சம் தீர்ந்தால் அந்த உதவியும் தீர்ந்தது.

எங்கள் சோழவந்தான் வட்டாரத்தில் காலம் எவ்வாறு மாறிற்று என்பதையும் இங்கே சொல்வது பொருத்தம். 1895இல் முல்லைப் பெரியாற்றின் நீர் வைகைக்குத் திரும்பியது, வயல்கள் செழித்தன, தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் ஊரின் அடையாளமாயின. நிலம் பசித்தோரை ஊரிலேயே நிறுத்தியது. அதற்கு முன்பே மதுரைக்கு வந்துவிட்ட இருப்புப் பாதையோ இளைஞரை ஊரிலிருந்து எடுத்துச் சென்றது. முதலில் மதுரை ஆலைகள். பின்னர்த் திருப்பூர், சென்னை. அதன்பின் வளைகுடாவும் சிங்கப்பூரும். என் பணிக்காலத்தில் இந்த மாறுதலை மாணவர்களின் மதிப்பெண் அட்டையில் நான் கண்டேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற ஆண்டுகளில் பெற்றோர் கையொப்பம் என்னும் கட்டத்தில் பெரும்பாலும் தந்தையின் கையெழுத்து இருந்தது. ஓய்வு பெறும் ஆண்டுகளில் அந்த இடத்தில் தாத்தாவின் நடுங்கும் எழுத்தும் பாட்டியின் பெருவிரல் ரேகையும் மிகுந்தன. பேணப்பட வேண்டிய வயதில் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பேணிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் மேற்படிப்புக்குச் சென்றபின் அந்த வீடுகளில் எஞ்சியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடல் கடந்த தமிழரின் நிலை இன்னும் கடினமானது. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டத் தொழிலாளர்க்குக் கொடுத்த லயன் அறை வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை உள்ளவரை வீடு. உடல் தளர்ந்து வேலை நின்றால் வீட்டுக்கும் உரிமையில்லை. மகனோ மகளோ அதே தோட்டத்தில் உழைத்தால் அவர்கள் அறையின் ஒரு மூலை கிடைக்கும். உழைப்புக் காலத்திலேயே தனக்கென ஓர் இடத்தை உறுதி செய்துகொள்ள முடியாத முதுமை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு அந்த லயன் அறைகளே சாட்சி.

அரசு என்னும் மூன்றாவது கை, விடுதலைக்குப் பின்னரே நம் நாட்டில் உண்மையில் நீண்டது. 1955இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலத்தில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநல நிதி, ஈட்டுறுதி என்னும் மூவகைப் பயன் திட்டம் வந்தது. அதற்குமுன் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்த ஆசிரியர் பலர், ஓய்வு பெற்றபின் தம் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. ஆசிரியர் இனத்தவன் என்ற முறையில் அந்த ஆண்டை நான் நன்றியோடு நினைக்கிறேன். 1962ஆம் ஆண்டில் ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் ரூ. 20 உதவித்தொகை தரும் திட்டம் இம்மாநிலத்தில் தொடங்கியது. 1983இல் அத்தொகை பெறுவோர்க்குச் சத்துணவு மையங்களில் பகலுணவும் கிடைத்தது. பேரன் உண்ணும் கூடத்திலே பாட்டியும் உண்டாள். 1995இல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் முதியோர் ஓய்வூதியத்தை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2023இல் ரூ. 1,200 ஆக உயர்ந்தது. தொகை சிறிதென்பது உண்மை. ஆனாலும் மாதந்தோறும் தன் கையில் தன் பணமாக வருவது அது. மருமகளிடம் கேளாமல் பேத்திக்கு ஒரு முறுக்கு வாங்கித் தர முடிகிற மூதாட்டி, அந்த வீட்டில் தலைநிமிர்ந்து உட்காருகிறாள்.

1978ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு மைல்கல். அவ்வாண்டில் சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையார் ஆதரவற்ற மூதாட்டியர்க்கென விஸ்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ. செ. நடராசன் முதியோர்க்கென்று தனி மருத்துவப் பிரிவை நிறுவினார். நாட்டிலேயே அது முதலாவது. ஹெல்ப்பேஜ் இந்தியா என்னும் முதியோர் நல அமைப்பும் அவ்வாண்டில் தோன்றியதே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வமைப்பு கடலூரில் தாமரைக்குளம் என்னும் முதியோர் கிராமத்தை அமைத்தது. முதியோரை ஒரு கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்காமல், வீடுகளில் சேர்ந்து வாழ வைத்த முயற்சி அது.

சட்டமும் பின்தங்கவில்லை. முதிய பெற்றோரைப் பேணும் கடமை மகனுக்கும் மகளுக்கும் உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டம் விதித்தது. எச்சமயத்தவராயினும் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மணமான மகளுக்கும் அக்கடமை உண்டென 1987இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவற்றின் முடிவாக 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. அதன்படி வருவாய்க் கோட்ட அளவிலே தீர்ப்பாயம் அமைகிறது, 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல முற்படவேண்டும், மாதம் ரூ. 10,000 வரை வழங்கச் சட்டம் இடம் தந்தது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லங்களைப் படிப்படியாக நிறுவலாம் என்றும் அது கூறுகிறது.

அச்சட்டத்தின் 23ஆம் பிரிவை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேணுவதாக ஒப்புக்கொண்டு சொத்தைத் தானமாகப் பெற்றவர் பேணாது விட்டால், அந்தத் தானப் பத்திரத்தைச் செல்லாததாக்குமாறு முதியவர் கேட்கலாம். எங்கள் ஊரிலும் அன்பின் மிகுதியால் வீட்டையும் வயலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னர்த் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். பேண வேண்டும் என்னும் நிபந்தனையையும், உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிடுதல் அன்புக்குக் குறைவன்று. பிற்காலத்துப் பூசலைத் தடுத்து அன்பைக் காப்பாற்றுவதே அது.

இன்று நம் முன் உள்ள வழிகள் பல. தம் சொந்த வீட்டிலேயே ஒரு துணையோடு வாழலாம். பிள்ளைகளோடு வாழலாம். பொருள் உள்ளவர், கோயம்புத்தூர்ப் புறநகரிலும் பிற இடங்களிலும் எழுந்துள்ள முதியோர் குடியிருப்புகளில் வீடு கொள்ளலாம். பொருளற்றோர்க்கு அறநிலையங்களும் அரசு உதவிபெறும் இல்லங்களும் உண்டு. கட்டணக் குடியிருப்புகள் பெருகியதால், அவற்றை நெறிப்படுத்த 2019இல் மத்திய அரசு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது இழிந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பிள்ளையின் வீட்டில் புறக்கணிக்கப்பட்டோரும் உண்டு. இல்லத்தில் தோழமை கண்டோரும் உண்டு. ஆகவே எந்த இடமாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. இரவில் நோய் வந்தால் உடனிருப்பவர் யார்? மருத்துவமனை எவ்வளவு தொலைவு? கட்டிய முன்பணம் விலகும்போது திரும்புமா? நினைவு தவறும் நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா, வெளியேற்றுவார்களா? பழகிய முகங்கள் வந்துபோகும் தூரத்தில் அவ்விடம் உள்ளதா? பணமும் பத்திரமும் யார் கையில் இருக்கும்?

நான்காவதாக எஞ்சி நிற்கும் கை, பணியாளருடையது. வீட்டுக்கு வந்து முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இன்று நகரங்களில் பெருகியிருக்கிறார்கள். அவர்களுட் பலர் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். பிறர் தாயைக் குளிப்பாட்டி உணவூட்ட வரும் பெண்ணின் தாயை யார் பார்ப்பது என்று நாம் எப்போதேனும் கேட்டதுண்டா? திருமுக்கூடற் கல்வெட்டு பேணும் பெண்டிர்க்கு ஊதியம் வரையறுத்தது போல, இவர்களுக்கும் பயிற்சியும் முறையான ஊதியமும் ஓய்வு நாளும் வரையறுக்கப்பட்டால்தான் இந்தக் கை தளராது. சப்பானியர் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே ஒரு காப்பீட்டை ஏற்படுத்தினர். நாற்பது வயது முதல் ஒவ்வொருவரும் அதற்குப் பணம் செலுத்துகின்றனர். முதுமையில் வீட்டுக்கே பணியாளர் வருகின்றனர். நம் நாட்டில் அத்தகைய பொதுக் காப்பீடு இன்னும் ஏற்படவில்லை. ஆயினும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மருந்தையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தது. முதியோர் குறை கேட்கும் 14567 என்னும் தொலைபேசி எண்ணும் அவ்வாண்டு முதல் நாடெங்கும் இயங்குகிறது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் முதியோர்க்கென்றே தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படித் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். அந்த விகிதம் ஏறுமுகமாகவே உள்ளது. அரிதாயிருந்த முதுமை பொதுவாகிவிட்ட காலத்துக்கு இவை தொடக்கங்களே.

இந்த வரலாறு முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது, எல்லா ஏற்பாட்டிலும் ஒன்று விடுபட்டிருப்பதைக் காண்கிறேன். மகன் முடிவு செய்தான். ஊர் முடிவு செய்தது. அரசு முடிவு செய்தது. இல்லத்தின் மேலாளர் முடிவு செய்தார். முதியவரை மட்டும் எவரும் கேட்கவில்லை. பிசிராந்தையாருடைய இரண்டாவது காரணத்தை இங்கே மீண்டும் எண்ணிப் பாருங்கள். தம் பணியாளர், தாம் கருதுவதையே கருதுபவர்கள் என்றார் அவர். பேணப்படுபவரின் உள்ளம் பேணுபவருக்குத் தெரியவேண்டும் என்பதல்லவா அதன் பொருள்? அது தெரியவேண்டுமாயின் கேட்கவேண்டும்; அதுவும் அவர் நலமாகப் பேசக்கூடிய காலத்திலேயே கேட்கவேண்டும். கீழே விழுந்து எலும்பு முறிந்த இரவிலே, மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் பிறருக்கு வசதியான முடிவாகவே அமையும்.

எங்கள் ஊர்க் கொடிக்காலில் வேலை செய்வோர் இதனை அறிவர். அகத்தியை முதலில் விதைத்து, அது வளர்ந்தபின் அதன் அடியில் வெற்றிலைக் கொடியை நட்டுப் படரவிடுவார்கள். கொடி கைக்கெட்டாத உயரம் சென்று முதிர்ந்தால் அதனைப் பிடுங்கி எறிவதில்லை. பதமாக இறக்கி, முதிர்ந்த பகுதியை அதே மண்ணிற் பதித்து, நுனியை மீண்டும் அகத்தியில் கட்டுவார்கள். அது புதுவேர் விட்டுத் தளிர்க்கும். மண்ணை மாற்ற நேர்ந்தாலும், எந்தக் கொழுகொம்பில் கட்டினால் அது தாங்கும் என்று பார்த்தே கட்டுவார்கள். முதியவரின் வேர் எந்த மண்ணில் இருக்கிறது என்பதை அவரே நமக்குச் சொல்லக்கூடும். அது ஒரு கோயில் வாசலாக இருக்கலாம். ஓர் அண்டை வீட்டாராக இருக்கலாம். பேரனுடைய குரலாகவும் இருக்கலாம்.

ஆகவே மாணவ நண்பர்களே, வரலாற்றுப் பாடத்துக்கு வழக்கமாக வீட்டுப்பாடம் உண்டு. இதற்கும் ஒன்று தருகிறேன். இன்று மாலை உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஓய்வாக அமர்ந்திருக்கும் வேளையில் அருகே சென்று உட்காருங்கள். “உங்களுக்கு எங்கே, யாரோடு இருக்கப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். விடை உடனே வராது, பொறுத்திருந்து கேளுங்கள். சொன்னதை நினைவில் வையுங்கள். பின்னாளில் வீட்டுப் பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் அன்று, அந்தக் கூட்டத்தில் அதனை எடுத்துச் சொல்லும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.